கட்டில் காலுக்குத் தண்ணீர் வைத்தவள்

அடுத்தவள் நாத்தனாரைப் பற்றித் தெரிந்துகொள்வதில் உங்களுக்கு அப்படி என்ன ஆசை? உங்கள் வீட்டில் ஒருத்தி இல்லையா? இல்லையென்றால் இதைக் கீழே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வாருங்கள். இருக்கிறாள் என்றால் அவளையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். என்னுடையவளை எதற்குக் கிளறுகிறீர்கள்? அவளைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை நீங்களா வாங்கித் தரப்போகிறீர்கள்?

சரி, வந்துவிட்டீர்கள். பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இங்கிலாந்திலிருந்து போன் வரும், எடுத்தால் ஒரு மணி நேரம் வைக்க விடமாட்டாள். என் புருஷனின் தங்கை என்பது போதும். அவள் என் வீட்டில் வந்து சாகப் பார்த்த கதைதான் இது. சாகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் என் வீட்டில் செத்தால் பழி யார் மேல் விழும்?

அவள் நோயாளி இல்லை. நோய்க்குப் பயப்படுவதையே ஒரு வேலையாக வைத்திருந்தவள். எனக்குக் கல்யாணமான மறுவருடம் இங்கிலாந்துக்குப் போனவள், ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லிக்கொண்டாள். என்ன வேலை என்று கேட்டால் அங்கே பனி பெய்கிறது என்பாள். நோயாளிகளின் போர்வையை மடித்து அடுக்கும் இடத்தில் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அதில் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் போர்வையை மடித்தவள் எனக்கு வைத்தியம் சொன்னால் எரிச்சல் வருமா வராதா?

அண்ணன் போன பிறகும் வருடம் தவறாமல் வந்தாள். "அண்ணன் வீடு" என்பாள். அண்ணன் சுவரில் படமாகத்தான் இருந்தார். சமைத்துப் போட்டவள் நான்.

அந்த வருடம் கோலாலம்பூரில் விமான நிலைய ரயிலில் வந்து இறங்கியவளை என் மகன் முரளியும் நானும் போய்க் கூட்டி வந்தோம். இரண்டு பெட்டி. ஒன்றில் துணிமணி, மற்றொன்றில் மருந்துக்கடை. நான் கையை நீட்டினேன். அவள் முழங்கையை நீட்டினாள்.

"கை வேணாம் அண்ணி. ரயில்ல எல்லாரும் புடிச்ச கம்பிய புடிச்சிருப்பீங்க."

"நான் நடந்துதான் வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து இங்க வர எதுக்கு ரயிலு?"

"அப்ப இன்னும் மோசம்" என்றாள்.

எனக்கு வாங்கி வந்த பரிசு கை துடைக்கும் ஜெல். பெரிய பாட்டில். பார்த்தால் சமையல் எண்ணெய் என்று நினைப்பீர்கள். "இது உங்களுக்குத்தான் அண்ணி. பாத்ரூம்ல வைங்க. இல்ல, அடுப்படியில வைங்க. இல்ல, ரெண்டு எடத்துலயும் வைங்க." சேலை எதிர்பார்த்திருந்த நான் அந்த பாட்டிலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். போகிற வரைக்கும் அதைப் பார்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

புறப்படும் முன்னால் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சூடான நாடுகளுக்குப் போகிறவர்களுக்கென்றே அங்கே தனி கிளினிக் இருக்கிறதாம். சாப்பாட்டில் வரும் காய்ச்சலுக்கு ஒன்று, மஞ்சள் காமாலைக்கு ஒன்று, நாய் கடித்தால் ஒன்று.

"ஏம்மா, பொறந்த ஊருக்கு வரவா இத்தன ஊசி?"

"இது டிராபிக்கல் கன்ட்ரி அண்ணி. உங்களுக்கெல்லாம் பழகியிருக்கும்."

இதுதான் அவள் வாயில் நாளெல்லாம் உருண்ட சொல். உங்களுக்கெல்லாம் பழகியிருக்கும். ஐஸ் போட்ட சிரப்பைக் குடித்தால், பழகியிருக்கும். பாசார் சந்தையில் மீனைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கினால், பழகியிருக்கும். மழை பெய்து படிக்கட்டில் தண்ணீர் நின்று நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால், அதுவும் பழகியிருக்கும். நாங்கள் ஏதோ சாக்கடைக்குள் முட்டையிட்டுப் பிறந்த இனம் என்று நினைப்பு. வாயைத் திறந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி பேச்சுக் கடைசியில் "லா" போடாமல் பேசத் தெரியாத பெண், அங்கே போனதும் அதையும் கழுவி ஊற்றிவிட்டாள்.

இவள் எங்கே பிறந்தாள் தெரியுமா? கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில். நான் புதுப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் போன அன்று, சாக்கடை ஓரம் விழுந்த மாங்காயை எடுத்துப் பாவாடையில் துடைத்து, உப்புக்கூட வைக்காமல் கடித்தவள் இவள். எனக்கும் பாதி கொடுத்தாள். அதை ஒருநாள் நினைவுபடுத்தினேன்.

"அப்ப இருந்த கிருமி வேற அண்ணி" என்றாள். கிருமியிடம் பேசி வைத்திருக்கிறாளோ என்னவோ.

கிள்ளானில் எங்கள் பெரியம்மா ஒருவர் இருந்தார். கண் சரியாகத் தெரியாது, காலும் வராது, ஆனால் யார் வந்தாலும் தானே எழுந்து போய் ஆரஞ்சு சிரப் கலக்கிக் கொண்டு வருவார். இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துக் கண்ணாடித் தம்ளரைக் கொண்டு வந்து வைத்தார். இவள் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரையைப் பிரித்து அதற்குள் போட்டாள். வீடே பார்த்துக்கொண்டிருந்தது.

"அரை மணி நேரம் விடணும்" என்றாள், எல்லோருக்கும் பாடம் எடுப்பது போல. "தண்ணிய சுத்தம் பண்ணும்."

தன் வீட்டுத் தண்ணீர் அசுத்தம் என்று தன் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது பெரியம்மாவுக்குப் புரியவில்லை. அவர் ஆசையாகக் குனிந்து கேட்டார்: "என்னாடி அது? எனக்கும் ஒண்ணு போடேன். முட்டி ரொம்ப வலிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பெரியம்மாவின் மருமகள் மட்டும் என்னைப் பார்த்த பார்வையில், இவளை ஏன் கூட்டி வந்தாய் என்று இருந்தது. அரை மணி நேரம் கழித்தும் இவள் அந்தத் தம்ளரைத் தொடவில்லை. நிறம் மாறிவிட்டதாம்.

பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். இலையை ஸ்பிரிட் துணியால் துடைத்தாள், இரண்டு பக்கமும். பரிமாற வந்த பையன் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். "ஆன்டி, இலைக்கு ஊசி போடப் போறீங்களா?" என்று கேட்டான். அவனுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

மலேரியாவுக்கும் மாத்திரை சாப்பிட்டாள். கோலாலம்பூரில் அது தேவையே இல்லை என்று எங்கள் கிளினிக் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "அவங்களுக்கு என்ன தெரியும்" என்றாள். அந்த மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு கொடுக்குமாம். இவளுக்குக் கொடுத்தது. காலையில் எழுந்து, கனவில் நான் அவளைச் சாக்கடைத் தண்ணீரில் குளிப்பாட்டினேன் என்று என்னையே முறைத்தாள்.

இப்போது கட்டிலுக்கு வருகிறேன். வந்த வாரமே தலையணையில் ஒரு எறும்பைப் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு எறும்பு, அதுவும் வழி தெரியாமல் வந்தது. அது காதுக்குள் போய் மூளைக்கு ஏறும் என்று கத்தினாள். அப்போதுதான் அவளுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. குவார்ட்டர்ஸில் சோற்று அலமாரியின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார் என் மாமியார். எறும்பு நீந்தத் தெரியாமல் திரும்பிப் போய்விடும். பழைய வீடுகளில் எல்லோரும் செய்ததுதான். கிள்ளானிலிருந்து இவள் எடுத்துக்கொண்டு போன பழக்கம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"முரளி, அத்தைக்கு நாலு டப்பா குடுய்யா."

முரளி காலி மார்ஜரின் டப்பாக்களைக் கழுவிக் கொடுத்தான். கட்டில் கால்கள் அதில் ஏறின. குழாய்த் தண்ணீர் ஊற்றப்போனவனை நிறுத்தினாள்.

"பச்சத் தண்ணி வேணாம், கிருமி வளரும். கொதிக்க வச்சு ஆற வச்சது ஊத்து."

கட்டில் காலுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர். நான் குடிப்பது குழாய்த் தண்ணீர்.

மேலே கொசுவலை, முரளி ஆணியடித்து மாட்டியது. ரோஸ் நிறம், கல்யாணப் பந்தல் மாதிரி. விளக்கு வைத்ததும் கை காலில் கொசு மருந்து பூசிக்கொண்டு அதற்குள் போய்விடுவாள். பகலில் மட்டும் வலையைத் தூக்கிவிட்டு, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, இங்கிலாந்தில் இருக்கும் தோழிகளிடம் போனில் இந்த ஊரைப் பற்றிக் குறை சொல்வாள். கட்டிலுக்குக் கீழே யாரும் துடைப்பத்தை விடக்கூடாது. தண்ணீர் சிந்தினால் எறும்புக்குப் பாலம் போட்ட மாதிரி ஆகிவிடுமாம். குறைந்தால் அவளே ஊற்றி நிரப்புவாள்.

அப்படியே வாரங்கள் போயின. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. தொட்டால் தோசைக்கல்.

"ஃப்ளூ அண்ணி. பிளேன்ல புடிச்சது."

"பிளேன்ல இருந்து எறங்கி எம்புட்டு நாளாச்சு? அது இன்னும் மேலேயே பறந்துகிட்டு இருந்துச்சா?"

கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள், எலும்பெல்லாம் யாரோ முறிப்பது போல இருக்கிறது என்றாள். ஆனால் கிளினிக் என்றதும் தலையணையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருமுகிறார்களாம். பயண இன்சூரன்ஸ் வாங்கியிருக்கிறாளாம், அவர்கள் சொல்கிற இடத்துக்குத்தான் போக வேண்டுமாம். இன்சூரன்ஸ்காரர்களின் எண்ணுக்கு முரளி போன் போட்டான். பாட்டு வந்தது. நல்ல பாட்டுதான். வேலைக்கு நேரமாகும் வரை கேட்டுவிட்டு, அவன் தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தன் தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.

தன் பெட்டியிலிருந்து ஒரு வலி மாத்திரையை எடுத்து இவள் விழுங்க ஆரம்பித்தாள். வலிக்கும்போதெல்லாம் ஒன்று.

எதிர் வீட்டு ரோஸ்லின் ஆன்டி எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெதடிஸ்ட் கோயிலில் பாடுகிறவர், எங்கள் மாடியில் நல்லது கெட்டது எதுவும் அவர் காதுக்குப் போகாமல் நடக்காது. கையில் நண்டு சூப்.

"மொகம் செவந்து கெடக்குது பாருங்க. டெங்கிதான் இது. எங்க வீட்டுக்காரருக்கு வந்தப்ப நண்டு சூப்பு குடுத்துத்தான் எழுப்புனேன்."

வலைக்குள்ளிருந்து முனகல் வந்தது. "நண்டா? இந்தக் கடல்லயா புடிச்சாங்க?"

ரோஸ்லின் ஆன்டி சூப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. நான் குடித்தேன். நன்றாக இருந்தது.

ஆனால் டெங்கி என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் அழுத்த மாத்திரை வாங்குவது போல, அவளுடைய மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அட்டையைப் பார்த்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆன்டி, இத யார் குடுத்தா? மொதல்ல நிறுத்துங்க. டெங்கியா இருந்தா இது உள்ளுக்குள்ள ரத்தத்த கசிய விட்டுரும். காய்ச்சலுக்கு வெறும் பாரசிட்டமால், நெறைய தண்ணி. அம்புட்டுத்தான். அவங்கள கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாக்கணும்."

"வரமாட்டேங்குறாளே டாக்டர். காய்ச்சல் எறங்கட்டும், தானா சரியாயிடும்னு சொல்றா."

"எறங்குறப்பதான் ஆன்டி பயமே. சூடு போச்சுன்னு எல்லாரும் எந்திரிச்சு உக்காருவாங்க, அப்பதான் சிலருக்கு மோசமா போகும். வயித்து வலி, வாந்தி, பல் ஈறுல ரத்தம், இதுல ஒண்ணு வந்தாலும் இங்க வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு." நான் எழுந்தபோது அவர் இன்னொன்றும் கேட்டார். "வீட்ல எங்கயாச்சும் தண்ணி தேங்கி நிக்குதா? அந்தக் கொசு பகல்ல கடிக்கிறது. சுத்தமான தண்ணியிலதான் முட்ட போடும்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டில் கால் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் இவள் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. டாக்டரம்மா பயப்படச் சொன்னது இதற்குத்தான்.

"பாத்தீங்களா அண்ணி? ஃப்ளூன்னு சொன்னேன்ல? என் மாத்திரைதான் கேட்டுச்சு."

நான் கீழே உட்கார்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மார்ஜரின் டப்பாவில் கொசுப் புழுக்கள். மேலும் கீழுமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன. நான்கு டப்பாவிலும். கொதித்து ஆறிய தண்ணீர் அல்லவா, நல்ல கொழுகொழுவென்று இருந்தன.

"எந்திரிச்சு வந்து பாரு. உன் புள்ளைங்க நீச்சல் பழகுதுங்க."

"என்ன உளர்றீங்க?"

"மேல வல கட்டிக்கிட்டு, கீழ தொட்டில் கட்டி வளத்திருக்க. பகலெல்லாம் அதுங்களுக்குக் கால தொங்கப் போட்டு ஊட்டியும் விட்டிருக்க."

குனிந்து பார்த்தாள். முகம் மாறவில்லை. "அது கொதிக்க வச்ச தண்ணி அண்ணி. அதுல கொசு வராது. வெளியிலேர்ந்து நீங்க ஏதாவது ஊத்தியிருப்பீங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "படிச்சிருந்தா புரிஞ்சிருக்கும்."

அந்தச் சொல்லுக்கு அப்போதே நான் அவளை விட்டிருப்பேன். ஆனால் அவள் குளியலறைக்குப் போய் வாய் கொப்பளித்துத் துப்பியதைக் கதவோரம் நின்று பார்த்தேன். தொட்டியில் இளஞ்சிவப்பு. சட்டென்று தண்ணீரைத் திறந்துவிட்டாள். திரும்பி வரும்போது ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு."

"பொது ஆஸ்பத்திரிக்கா? செத்தாலும் போக மாட்டேன்."

"செத்த பெறவு போவ வேணாம். அதுக்கு முன்னாடி போ."

படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நடு வீட்டில் நின்றேன். இவள் இங்கே போய்ச் சேர்ந்தால் கிள்ளானில் ஒரு வாய் விடாமல் பேசும்: அண்ணிக்காரி பட்டினி போட்டுக் கொன்னுட்டா. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நான் செத்து மேலே போனதும் என் புருஷன் வந்தாயா சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். என் தங்கச்சி எங்கே என்றுதான் கேட்பார். அங்கேயும் இவளால் சண்டையா?

காரணம் சொல்லிப் பயனில்லை. கெஞ்சினால் ஏறிக்கொள்வாள். அதட்டினால் அழுவாள். இவளை நகர்த்துவதற்கு ஒன்றே ஒன்றால்தான் முடியும், அது கிருமி. சேலை முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினேன். அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல். அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் நீளமாக.

வலைக்குள் அசைவு. "என்ன அண்ணி அது?"

"ஒண்ணுமில்ல. உனக்கெதுக்கு." இருமினேன். "டாக்டர் கிட்ட போனது எனக்குத்தான். உன்கிட்ட சொல்ல வேணாம்னு பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"நெஞ்சு படம் எடுக்கணுமாம். காசநோயா இருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. வீட்ல இருக்குறவங்களுக்கும் ஒட்டியிருக்குமாம். நான் போயி படம் எடுத்துட்டு வரேன். நீ படு. அடுப்புல நான் கிண்டுன கஞ்சி இருக்கு."

அவள் எழுந்த வேகத்தில் கொசுவலையின் ஒரு ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

"டிபியா! இத்தன நாளா டிபியோடயா எனக்கு சோறு போட்டீங்க?"

"எங்களுக்குப் பழகிடுச்சு."

"எனக்கும் டெஸ்ட் பண்ணணும்! இப்பவே! சீக்கிரம் வாங்க, போலாம்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினாள். நான் பின்னால் இருமிக்கொண்டே போனேன், நிறுத்தினால் திரும்பிவிடுவாளோ என்ற பயத்தில். ரோஸ்லின் ஆன்டி கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். அவரிடம் கண்ணடிக்கலாம் என்றால் இவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே நின்ற டாக்சியில் அவள் முன்னால் ஏறி, ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்சிக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். "அக்கா, யாருக்கு முடியல?"

"அவங்களுக்குத்தான்!" என்றாள் என்னைக் காட்டி. பேசியபோது பல்லில் ரத்தம் தெரிந்தது. அவர் வண்டியை மிதித்தார்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரிலும் அதையே சொன்னாள். இவங்களுக்கு டிபி, நான் ஒரே வீட்டில் இருந்தேன், எனக்கு ரத்தம் பாருங்கள். அங்கிருந்த நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. இவள் கையில் படர்ந்திருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து, ஒரு நாற்காலியை இழுத்து இவளை அதில் உட்கார்த்தினார். என்னை மட்டும் முகக்கவசம் மாட்டி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டார்கள். இளம் மலாய்க்கார டாக்டர் ஒருவர் என்னிடம் வந்தபோது, எனக்குத் தெரிந்த மலாயில் காதோடு சொன்னேன்: எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் டெங்கி, வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள், அதனால் இருமினேன். நன்றாக இருமுகிறீர்கள் மாச்சிக், அதாவது ஆன்டி, என்று அவர் சொல்லிவிட்டு, கவசத்தைக் கழற்றச் சொன்னார்.

ரத்தம் பார்த்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தன. வீட்டிலேயே இருந்து அந்த வலி மாத்திரையையும் விழுங்கிக்கொண்டே இருந்திருந்தால் நாளைக்குத் தன்னிடம் கூட்டி வர வேண்டியதே இருந்திருக்காது என்றார் டாக்டர். கட்டிலில் போட்டு, கையில் குழாய் ஏற்றினார்கள்.

மறுநாள் மத்தியானம்தான் மோசம். கண்ணைத் திறக்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது. நர்ஸுகள் வந்து வந்து அழுத்தம் பார்த்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் கை போர்வைக்கு வெளியே வந்து தடவித் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தது. வெறுங்கை. எதையும் துடைக்காத கை.

"அண்ணி. நான் போயிருவேனா?"

"எங்க போவ? ரிட்டர்ன் டிக்கெட்டு கெடக்குது. வீணாப் போவும்."

"பயமா இருக்கு லா."

அந்த "லா"வைக் கேட்டதும் கையை உருவிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கை மரத்துப் போகும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தேன். இதையெல்லாம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் கேட்டீர்கள் என்று சொல்கிறேன்.

அப்புறம் ஒவ்வொரு நாளாகத் தேறினாள். ரத்தம் ஏறியதோ இல்லையோ, முதலில் திமிர்தான் ஏறியது. ஒரு காலையில் கண்ணைத் திறந்து, தன் கை என் கையில் இருப்பதைப் பார்த்து, மெதுவாக உருவிக்கொண்டு, "அந்த ஜெல் கொண்டு வந்தீங்களா?" என்றாள். பிழைத்துவிட்டாள் என்று எனக்கு உறுதியானது அப்போதுதான்.

அதற்குள் டெங்கி வந்த வீடு என்று சுகாதார இலாகா ஆட்கள் எங்கள் மாடிக்கு வந்து டார்ச் அடித்துத் தேடினார்கள். முரளி டப்பாக்களை முன்னமே கவிழ்த்துக் கழுவி வெளியே எறிந்திருந்தான். வீடு முழுவதும் புகை போட்டுவிட்டுப் போனார்கள்.

இவள் வீட்டுக்கு வந்ததும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். எனக்குக் காசநோயும் இல்லை, ஒன்றுமில்லை. உன்னைக் கிளப்புவதற்காகச் சும்மா இருமினேன்.

அவள் ஒரு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தாள். "எனக்காக மறைக்குறீங்க அண்ணி."

"ஐயோ, நான் படமே எடுக்கலடி!"

"அதத்தான் சொல்றேன். பயத்துல எடுக்காம விட்டுட்டீங்க. எடுத்திருந்தாலும் இங்க எடுக்குற படத்த நம்ப முடியாது."

என்ன சொல்லியும் அசையவில்லை. ஊருக்குப் போகிற வரைக்கும் தனித் தட்டில் சாப்பிட்டாள். எனக்கும் தனித் தட்டு வைத்தாள். மெலிந்து போன உடம்பை வெயிலில் காட்ட வேண்டும் என்று சாயங்காலங்களில் வெளி நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாடியில் இருக்கும் பெண்கள் நலம் விசாரிக்க வந்து வந்து நின்றார்கள். பேசினார்கள். நான் அடுப்படியில் அவளுக்குச் சத்துக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன்.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த வாரம், நான் படியேறினால் பெண்கள் இறங்கினார்கள். கோயிலில் என் பக்கத்தில் பாய் காலியாகக் கிடந்தது. ரோஸ்லின் ஆன்டி நண்டு சூப் கொண்டு வந்தார், உள்ளே வரவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, முகக்கவசத்தோடு இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

"என்னா ஆன்டி இது? எனக்கெதுக்கு சூப்பு?"

"ஒடம்ப பாத்துக்கங்க. எல்லாத்துக்கும் மருந்து இருக்கு இப்ப."

"எந்த ஒடம்ப?"

அவர் அக்கம் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்க நாத்தனார் எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாங்க. அழுதாங்க பாவம்."

"என்ன சொன்னா?"

"'எங்க அண்ணிக்கு நெஞ்சு ரொம்ப முத்திப்போச்சு, ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன்னு அடம் புடிச்சாங்க, நான்தான் காய்ச்சலோட எந்திரிச்சு அவங்கள இழுத்துக்கிட்டுப் போயி உசுர காப்பாத்துனேன், போன எடத்துல எனக்கு டெங்கி ஒட்டிக்கிச்சு. அவங்க வீட்டுத் தண்ணிய மட்டும் யாரும் குடிச்சிராதீங்க'ன்னு சொன்னாங்க."